நாலு பேருக்கு ஒரு கூடாரம்

(இராயபுரத்தில் நூலக வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடைக்குக் கீழே ஒரு நீலப் பை கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுருட்டி வைத்த பாய் மாதிரி இருக்கிறது. அதற்குள் இருப்பது நாலு பேர் படுக்கும் கூடாரம். எடை நாலேகால் கிலோ. நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஆறு வருடமாக இதற்குள் படுத்து எழுந்து வருகிறோம். இந்தத் தலைப்பைச் சொன்னதும் கூட்ட அமைப்பாளர், “நம்ம பக்கத்துல யாரு சார் டென்ட் வாங்குறாங்க?” என்று கேட்டார். வாங்க வேண்டும் என்றுதான் பேச வருகிறேன் என்றேன்.

டென்ட் என்றதும் இங்கிருக்கும் மூத்தவர்களுக்கு டென்ட் கொட்டாய் ஞாபகம் வரும். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அந்தத் தலைமுறைக்குக் கூடாரம் என்றால் கொண்டாட்டம். எங்கள் தலைமுறைக்கு அப்படி இல்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையில் தார்ப்பாய்க்கு அடியில் இரவைக் கழித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் ஒழுகும் கூரைமேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுச் செங்கல் வைக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. துணிக்கூரை என்றாலே நமக்குக் கஷ்டகாலம். அந்த நினைப்பைப் பிள்ளைகள் மனதிலாவது மாற்றிவிட வேண்டும் என்பது என் ஆசை.

என் அப்பா பாரிமுனைப் பக்கம் லாரிப் படுதா தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். மெழுகேற்றிய பருத்திக் கித்தான் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரு படுதாவை மடித்துத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நனைந்தால் மூன்று ஆள். ஆனால் அந்தத் துணிக்கு ஒரு குணம் உண்டு. மழை பட்டதும் நூல் ஊதி, நெசவின் கண்ணெல்லாம் அடைபட்டுவிடும். காற்று மட்டும் கொஞ்சம் போய்வரும். இன்றைய கூடாரத் துணி பாலியஸ்டர் அல்லது நைலான், உள்பக்கம் ரசாயனப் பூச்சு. எடை பல மடங்கு குறைந்துவிட்டது. அதோடு அந்த மூச்சும் போய்விட்டது. இந்த ஒரு மாற்றம் புரியாததால்தான் நான் முதல் தடவை ஏமாந்தேன்.

நாங்கள் முதலில் போனது ஏலகிரி. இராயபுரத்தில் 1856-ல் கிளம்பி வாலாஜா ரோடு வரை போன ரயில்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு அந்தப் பாதையை நீட்டிக்கொண்டே போனபோது வந்த ஊர்தான் ஜோலார்பேட்டை. அங்கே இறங்கினால் பஸ். பதினாலு கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,100 மீட்டர் உயரம். சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிறு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். தொழிற்சாலை ஷிப்டுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் பங்கம் வராது. மேலே கூடாரம் அடிக்க இடம் கொடுக்கிற தனியார் தோப்புகள் இருக்கின்றன. முண்டியடித்து வாங்கிய ஒரு மலிவுக் கூடாரத்தோடு ஏறினோம். ஒற்றைத் துணி. பை லேசாக இருந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது.

விடியற்காலை நாலு மணி இருக்கும். என் மகள் எழுப்பினாள். “அப்பா, மழை உள்ளயே பெய்யுதுப்பா.” டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரையின் உள்பக்கம் முழுக்க நீர்முத்து. யாராவது புரண்டு படுத்துத் துணியில் இடித்தால் பொலபொலவென்று கொட்டுகிறது. தலையணை ஈரம், போர்வை ஈரம். ஜிப்பைத் திறந்து வெளியே தலையை நீட்டினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மழையே பெய்யவில்லை. எங்கள் நாலு பேர் மூச்சும் வியர்வையும்தான் கூரையில் தங்கி எங்கள் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மனிதன் ஒரு இரவில் மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் விடுகிறான். நாலு பேர் என்றால் நாலு டம்ளர். அது வெளியே போக வழி வேண்டும். பூச்சுத் துணி அதை விடாது. வெளிக்காற்றில் குளிர்ந்த துணியில் பட்டதும் குளிர்சொம்பின் வெளியே வியர்ப்பதுபோல் நீராக மாறிவிடும். கூடாரத்துக்கு எழுதப்படும் விளம்பரமும் குறிப்பும் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரரை மனதில் வைத்து எழுதப்படுபவை. குளிர்காற்று உள்ளே புகாது என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். காற்று புக வேண்டும். நம் ஊர்க் குடும்பம் கூடாரம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். எடை, விலை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே இரட்டைத் தோல் கூடாரம் வாங்குங்கள். உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரு கொசுவலை. நம் வீட்டில் கட்டுகிற அதே கொசுவலைதான், தரையோடு சேர்த்துத் தைத்தது. அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு மழைத்துணி தனியாக நிற்க வேண்டும். உள்ளிருந்து வரும் ஈரம் வலை வழியாகப் போய் மேல்துணியில் ஒட்டும். ஒட்டினாலும் நம் மேல் சொட்டாது, துணியோடு வழிந்து வெளியே இறங்கிவிடும். கடையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். வலைப்பகுதி சுவரில் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். உச்சியில் ஒரு சின்ன வலை வட்டமும் அதன்மேல் தொப்பி மாதிரி ஒரு துண்டுத் துணியும் இருந்தால், அது மலிவுக் கூடாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பக்கவாட்டில் வரும் சாரலுக்கு அந்தத் தொப்பி ஈடுகொடுக்காது. மேல்துணி தரைக்கு நாலைந்து விரற்கடை உயரம்வரை இறங்க வேண்டும். எதிரெதிரே இரண்டு வாசல் இருந்தால் இன்னும் நல்லது. காற்று குறுக்கே ஓடும். நடுராத்திரி பிள்ளையை வெளியே கூட்டிப்போக மற்றவர்களை மிதிக்கவும் வேண்டாம்.

அடுத்து அளவு. பையில் ‘4 பேர்’ என்று அச்சடித்திருக்கும். அது நாலு பேர் மத்தி மீன் அடுக்கின மாதிரி படுத்தால் வரும் கணக்கு. ஆளுக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான் வைத்துப் போட்டிருப்பார்கள். பை எங்கே, செருப்பு எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே? பெரியவர் இரண்டு, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இரண்டு என்றால் நாலு பேர் கூடாரம் சரியாக இருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டாலோ பாட்டியும் வருகிறார் என்றாலோ ஐந்தாறு பேர் கூடாரம் ஒன்றை வாங்குவதைவிட, மூன்று பேருக்கானதாக இரண்டு வாங்குங்கள். ஆளுக்கொன்றாகத் தூக்கலாம், சின்ன இடத்திலும் அடிக்கலாம்.

அடுத்து அறைகள். சங்கப் பாடலான முல்லைப்பாட்டில் பாசறையில் மன்னனுக்கு அமைத்த படுக்கையிடத்தைப் பற்றி நப்பூதனார் சொல்லியிருக்கிறார். வலுவான கயிற்றில் திரையை இழுத்துக் கட்டி இரண்டு அறையாகப் பிரித்த இடம் அது. இரண்டு அறைக் கூடாரம் தமிழனுக்குப் புதிதே இல்லை. ஆனால் அந்த மன்னனுக்குச் சுமை தூக்க யானை இருந்தது. நமக்கு பஸ்ஸின் மேல் ராக்குதான் இருக்கிறது. இரண்டு அறை, நிமிர்ந்து நிற்கும் உயரம், முன்வாசல் பந்தல் என்று ஆசைப்பட்டால் எடை எட்டு, பத்து கிலோவுக்குப் போய்விடும். கார் இருப்பவர் வாங்கிக்கொள்ளட்டும். ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர் உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் போதும் என்று இருந்துவிட வேண்டும். நிற்க நமக்கு வெளியே இடம் கிடக்கிறது.

இங்கேதான் எடைக் கணக்கு வருகிறது. ஒரே ராத்திரிக்குப் போகும் குடும்பம் நாலு முதல் ஐந்து கிலோவுக்குள் கூடாரம் வைத்துக்கொண்டால் போதும். மூன்று கிலோவுக்குக் கீழேயும் நாலு பேருக்கு வருகிறது. அதற்குக் காசு பல மடங்கு கொடுக்க வேண்டும், துணியும் சவ்வுபோல் மெலிந்திருக்கும். பத்து நாள் பனிமலையில் முதுகில் சுமப்பவனுக்கு அது வேண்டும். நமக்கு வேண்டாம். ஐந்து கிலோவையும் ஒருவரே சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. துணியை ஒருவர் பையில், கம்பை இன்னொருவர் பையில், முளைகளையும் கயிற்றையும் பிள்ளையின் பையில் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் தோள் நோகாது. எடையைக் குறைக்க வேண்டுமானால் உயரத்தில் குறையுங்கள், அறையில் குறையுங்கள். துணியின் உறுதியில் குறைக்காதீர்கள்.

துணியில் ‘2,000 மி.மீ.’ என்பதுபோல் ஒரு எண் போட்டிருக்கும். பலர் அதை அளவு என்று நினைக்கிறார்கள். துணியை ஒரு குழாயின் அடியில் இறுக்கிக் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை ஊற்றினால் துணிக்குக் கீழே சொட்டு தெரிகிறதோ, அதுதான் அந்த எண். மேல்துணிக்கு 1,500-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். 2,000 இருந்தால் நம் கோடை இடிமழையைத் தாங்கும். தரைத்துணிக்கு 3,000 வேண்டும். ஈர மண்மேல் முட்டி போட்டு ஒருவர் எழும்போது துணியில் விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிட மிக அதிகம். இந்த எண்ணை மட்டும் நம்பி வந்துவிடாதீர்கள். தண்ணீர் துணி வழியாக வருவது அபூர்வம், தையல் வழியாகத்தான் வரும். உள்பக்கம் திருப்பி, தையல்மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்பா படுதாவைக் கையில் வாங்கியதும் முதலில் தையலைத்தான் தடவுவார். துணியைப் பிறகுதான் பார்ப்பார்.

கம்பு இரண்டு வகை. கண்ணாடி இழைக் கம்பு விலை குறைவு, எடை கூடுதல். முறிந்தால் நார் நாராகப் பிளந்து கையில் சிலாம்பு ஏறும். அலுமினியக் கம்பு லேசு, வளையும், சுலபத்தில் பிளக்காது. பட்ஜெட் இடம் கொடுத்தால் கூடுதல் பணத்தை அலுமினியத்துக்குக் கொடுங்கள். எது வாங்கினாலும் கம்பு நுழையக்கூடிய ஒரு சாண் குழாய்த் துண்டும் இன்சுலேஷன் டேப்பும் பையில் இருக்கட்டும். முறிந்த இடத்தில் குழாயை ஏற்றி டேப் சுற்றினால் அன்றைய ராத்திரி ஓடிவிடும்.

தூக்கி எறிந்தால் தானாக விரிகிற கூடாரம் இப்போது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. மடித்தால் பெரிய வட்டத் தட்டாக நிற்கும். ரயில் சீட்டுக்கு அடியில் போகாது, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும். எனக்கு அது வேண்டாம்.

கம்பை வளைத்ததும் முளை அடிக்காமலே தானாக நிற்கிற கூடாரம் எடுங்கள். பாறைமேலும் சிமென்ட் தரையிலும் நிற்கும். ஆனால் நிற்பது வேறு, காற்றைத் தாங்குவது வேறு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காசிமேட்டில் ஒரு பெரியவர். பழவேற்காட்டுப் பக்கம் நண்பர் ஒருவரின் தோப்பில் அடிக்கப் போகிறேன், தரையெல்லாம் மணல், முளை பிடிக்காது போலிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார். “மணல்ல ஆணி அட்ச்சா எங்க தம்பி நிக்கும்? பைல மணல ரொப்பி, வாயக் கட்டி, கயித்தோட பொதச்சுடு. மேல நல்லா மிதி. அப்பால நீயே இழுத்துப் பாரு.” சாதாரண மளிகைப் பை ஆறு எடுத்துப் போனேன். ஒரு முழம் ஆழத்தில் குறுக்காகப் புதைத்தேன். ராத்திரி கடற்காற்று எழுந்தபோது கூடாரம் படபடத்தது, அசையவில்லை. காலையில் அந்தப் பைகளைத் தோண்டி எடுக்க நானும் என் மனைவியும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. கூடாரத்தோடு வரும் கம்பி முளைகளைத் தூக்கிப் போடாதீர்கள், கெட்டித் தரைக்கு அவை வேண்டும். ஆறு காலிப் பைகளுக்கு எடையே இல்லை, அவையும் கூட இருக்கட்டும்.

இப்போது நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு வீடுகளில் கூடாரம் காட்டில் கெடுவதைவிடப் பரணில்தான் அதிகம் கெடுகிறது. உப்புக்காற்று. நம் வீட்டு ஜன்னல் கம்பியை என்ன செய்கிறதோ, அதையே ஜிப்பின் இழுப்பானுக்கும் இரும்பு முளைக்கும் செய்யும். துணியின் உள்பூச்சுக்கு உப்பைவிட ஈரப்பதம் பெரிய எதிரி. ஈரத்தோடு மடித்துக் கட்டி இரண்டு மாதம் பரணில் போட்டால், பூச்சு ஈரத்தை உறிஞ்சிச் சிதையத் தொடங்கும். அடுத்த தடவை பிரிக்கும்போது துணி ஒன்றோடொன்று ஒட்டும், பிசுபிசுக்கும், புளித்த வாடை அடிக்கும். அதன் பிறகு அந்தக் கூடாரத்தைக் காப்பாற்ற வழி இல்லை. என் தெருவில் இரண்டு பேர் இப்படி இழந்திருக்கிறார்கள், மழையில் ஒரு தடவைகூட நனையாத கூடாரத்தை.

ஆகவே ஊருக்கு வந்த அன்றே விரியுங்கள். கடற்கரைப் பக்கம் போயிருந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள், சோப்புத்தூள் வேண்டாம். நிழலில், காற்றோட்டமாக இரண்டு நாள் கொடியில் போடுங்கள். மொட்டை மாடி வெயிலில் நாள் கணக்காகக் கிடக்க விடாதீர்கள், வெயில் பாலியஸ்டரையும் நைலானையும் அரித்துவிடும். ஜிப் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். அதன் சொந்தப் பையில் திணித்து வைக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, பரணில் வைக்காமல் துணி அலமாரியில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறுங்கள்.

உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். கொசுவத்தியும் கூடாது. அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நாம் பழக்கத்தில் கொளுத்திவிடுவோம். ஒரு பொறி பட்டால் இந்தத் துணி உருகிச் சொட்டும். வலை ஒழுங்காக மூடினால் வத்தியே தேவைப்படாது.

எங்கே அடிப்பது என்பது தனியாக ஒரு கூட்டம் போட வேண்டிய விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் முதல். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். அதில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கும் குடியம். பூண்டி ஏரிக்கு அருகில், அல்லிக்குழி மலையில் இருக்கும் பாறைக்குகை. அது பகல் நடை, கூடாரம் அடிக்க அல்ல. ஆனாலும் பிள்ளைகளை ஒரு தடவை அங்கே கூட்டிப்போங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். அந்த இடத்தில் கிடைத்த கல்லாயுதங்களில் பழையவற்றுக்கு வயது பதினைந்து லட்சம் ஆண்டு என்று இப்போது கணித்திருக்கிறார்கள். அந்த மனிதர்கள் குடித்தது கொசஸ்தலை ஆற்றுப் படுகைத் தண்ணீரை. அதே ஆறுதான் கீழே வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. 2023 டிசம்பரில் எண்ணெய் மிதந்த அதே முகத்துவாரம்.

என் மகன் எண்ணூரில் பிறந்தவன். அனல்மின் நிலையப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கைத்தான் அவன் சின்ன வயதில் நட்சத்திரம் என்று காட்டுவான். ஏலகிரியில் இரண்டாவது தடவை, இந்தக் கூடாரத்தோடு போனபோது மழைத்துணியைப் போடாமல் வலையை மட்டும் கட்டிப் படுத்தோம். ஜனவரி மாதம், போர்வைக்குள் நாலு பேர். மல்லாந்து படுத்துக்கொண்டு வெகுநேரம் அவன் பேசவே இல்லை. பிறகு, “இதெல்லாம் நம்ம வீட்டு மேலயும் இருக்காப்பா?” என்று கேட்டான். இருக்கிறது என்று சொன்னேன். தெரியாததற்கு யார் காரணம் என்பதைச் சொல்ல அந்த ராத்திரியில் எனக்கு மனம் வரவில்லை. வளர்ந்த பிறகு அவனே கேட்பான்.

நேரம் ஆகிவிட்டது. இந்தப் பையை அவிழ்த்து வெளித் தாழ்வாரத்தில் விரிக்கப் போகிறேன். முளையே அடிக்காமல் நிற்கும், பத்து நிமிடம்தான் ஆகும். பெரியவர்கள் தையலைத் தடவிப் பாருங்கள். கம்பு கோக்க நாலு பிள்ளைகள் என்னோடு வாருங்கள்.